வெட்டப்பட்ட வீடியோ: கத்தரிக்கோலிலிருந்து கைப்பேசி வரை

2018-ஆம் ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் ஒரு வீடியோ வாட்ஸ்அப் வழியாகப் பரவியது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பைக்கில் வரும் இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். வீடியோ அத்தோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள், உஷாராக இருங்கள் என்ற எச்சரிக்கையோடு அது கைமாறிக்கொண்டே இருந்தது.

உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். காணாமல் போகும் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்புக்காக எடுக்கப்பட்டது. முழுப் படத்தில், பைக்கில் போனவர்கள் உடனே திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடுகிறார்கள். ஒரு பிள்ளையைக் கடத்த எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்று பெற்றோரை எச்சரிக்கும் அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இதுபோன்ற வீடியோக்களும் குரல் பதிவுகளும் கிளப்பிய பீதியில் அந்த ஆண்டு வழிப்போக்கர்கள் பலர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு உயிரிழந்தார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் உள்ள ரைன்பாடா கிராமத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம்தான் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற கட்டுப்பாட்டை அறிவித்தது.

கராச்சி வீடியோவில் போலியாக வரைந்து சேர்க்கப்பட்ட காட்சி எதுவும் இல்லை. முகம் மாற்றவில்லை, குரல் மாற்றவில்லை. கடைசிப் பகுதி போனது, படத்தின் பொருள் தலைகீழானது. அதைச் செய்யத் தேவைப்படும் கருவி இன்று நம் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். சினிமா பார்க்கும் குடும்பமோ பார்க்காத குடும்பமோ, வெட்டி ஒட்டிய வீடியோக்களை நாள்தோறும் பார்க்காத வீடு இன்று அரிது. எனவே எடிட்டிங் என்றால் என்ன, அதன் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நாம் ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கத்தரிக்கோலும் பசையும்

எடிட்டிங் என்பதைத் தமிழில் படத்தொகுப்பு என்கிறோம். ஃபிலிம் காலத்தில் அது முழுக்க முழுக்கக் கைவேலை. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும். ஓர் அடி நீளத்தில் 16 ஃபிரேம்கள். அப்படியானால் ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி ஃபிலிம் வேண்டும், இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. எடிட்டர் அந்தச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வேண்டிய இடத்தில் வெட்டி, அடுத்த துண்டோடு ஒட்டுவார்.

தொடக்கத்தில் ஒட்டுவதற்கு ஃபிலிம் சிமென்ட் என்ற பசையைப் பயன்படுத்தினார்கள். ஃபிலிமின் ஓரத்தில் உள்ள பூச்சைச் சுரண்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டியதைப் பிரித்து மீண்டும் ஒட்டினால் ஒரு ஃபிரேமாவது வீணாகும். பின்னாளில் இத்தாலிய எடிட்டர் லியோ கடோசோ, ஒட்டும் நாடாவால் இரு துண்டுகளை இணைத்து, அதே அழுத்தத்தில் ஓரத் துளைகளையும் போட்டுவிடும் சிறு கருவியை உருவாக்கினார். ஃபிரேம் வீணாகாமல் வெட்டவும் ஒட்டவும் அது வழி செய்தது.

வெட்டுவதற்கு முன் படத்தை ஓட்டிப் பார்க்கவும் ஒரு பொறி தேவைப்பட்டது. நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஐவன் செரூரியர் என்பவர் வீட்டில் படம் பார்ப்பதற்காக மூவியோலா என்ற கருவியைச் செய்தார். விலை அதிகம் என்பதால் வீடுகளில் அது விற்கவில்லை. 1924-இல் அதையே எடிட்டர்களுக்கான பொறியாக மாற்றிக் கொடுத்தார். சென்னை ஸ்டூடியோக்களின் எடிட்டிங் அறைகள் உட்பட உலகமெங்கும் பல பத்தாண்டுகள் அது பயன்பட்டது. ஜெர்மனியின் ஸ்டீன்பெக் நிறுவனம் செய்த, மேசை வடிவில் படுக்கை வாட்டில் சுருள்கள் சுழலும் பொறியும் பின்னர் பரவியது.

அந்தக் காலத்து நடைமுறை ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். எடிட்டர் மூல நெகட்டிவைத் தொடவே மாட்டார். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டைத்தான் வெட்டி ஒட்டிப் பார்ப்பார். எல்லாம் முடிவான பிறகே, ஃபிலிம் ஓரத்தில் அச்சான எண்களைப் பார்த்து நெகட்டிவை வெட்டுவார்கள். மூலத்தைப் பாதுகாத்து நகலில் வேலை செய்வது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கமாக இருந்தது.

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ டேப் பதிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. டேப்பில் படம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, காந்தப் பதிவின் தடங்களைத் தெரியவைத்து, பிளேடால் வெட்டினார்கள். பிறகு, ஒரு பொறியில் ஓடும் டேப்பிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் இன்னொரு பொறியில் பதிவு செய்யும் முறை வந்தது. நம் வீடுகளில் பழைய நிகாஹ் கேசட்டுகள் இப்படித் தயாரானவைதான். நகலுக்கு நகல் எடுக்க எடுக்கப் படம் மங்கிப்போகும். நடுவில் ஒரு காட்சியைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது கம்ப்யூட்டர். 1971-இல் வந்த சி.எம்.எக்ஸ். 600 என்ற பொறிதான் எந்தக் காட்சிக்கும் உடனே தாவிச் சென்று எடிட் செய்ய வழி கொடுத்த முதல் கருவி. விலை ஏறத்தாழ 2,50,000 டாலர், படமோ கறுப்பு வெள்ளை. 1989-இல் அவிட், 1991-இல் அடோபி பிரீமியர், 1999-இல் ஆப்பிளின் ஃபைனல் கட் ப்ரோ என்று மென்பொருள்கள் வரிசையாக வந்தன. 1996-இல் வெளியான 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' படத்தை அவிட்டில் தொகுத்த வால்டர் மர்ச் எடிட்டிங்குக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். டிஜிட்டல் முறையில் தொகுக்கப்பட்ட படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

அன்று லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய வசதியைவிட அதிகமான வசதி இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அன்று வெட்டுவது கடினம் என்பதால், எடிட்டர் பலமுறை யோசித்துவிட்டு வெட்டினார். இன்று கட்டைவிரலை நகர்த்தினால் போதும்.

கருவிக்குள் நடப்பது என்ன?

எந்த எடிட்டிங் செயலியைத் திறந்தாலும் கீழே ஒரு நீளமான பட்டை தெரியும். அதற்கு டைம்லைன் என்று பெயர். படத்துக்கு ஒரு வரி, ஒலிக்கு ஒரு வரி. டிரிம் என்பது ஒரு துண்டின் முன்னும் பின்னும் குறைப்பது. ஸ்பிளிட் என்பது நடுவில் வெட்டி இரண்டாக்குவது. அதன் பிறகு துண்டுகளை நீக்கலாம், இடம் மாற்றலாம். படமும் ஒலியும் தனித்தனி வரிகளில் இருப்பதால் ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் மாற்றவும் முடியும்.

டிஜிட்டல் வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. ஒருவர் மைக் முன் நின்று பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருக்கும் சுவர் மாறப்போவதில்லை. எனவே ஒரு ஃபிரேமை முழுதாகச் சேமித்துவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறிய பகுதியை மட்டும் சேமிக்கிறது கைப்பேசி. முழுதாகச் சேமித்த ஃபிரேமுக்குக் கீ ஃபிரேம் என்று பெயர். சில செயலிகளில் நாம் வெட்டிய இடம் ஒன்றிரண்டு விநாடி தள்ளிப்போய் நிற்பதற்குக் காரணம் இதுதான். தரம் குறையாமல் வெட்டும் செயலி பெரும்பாலும் கீ ஃபிரேம் உள்ள இடத்தில்தான் தொடங்க முடியும். துல்லியமாக வெட்டும் செயலி படத்தை மறுபடி சுருக்கிப் பதிவு செய்கிறது, அதில் தரம் கொஞ்சம் குறைகிறது.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பும்போதும் படம் சுருக்கப்படுகிறது. பல கை மாறி வந்த வீடியோ மங்கலாக இருப்பது இதனால்தான். படம் மங்க மங்க, அதில் எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. குடும்ப நிகழ்ச்சி வீடியோவைத் தரம் குறையாமல் அனுப்ப வேண்டுமானால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புவது நல்லது.

வெட்டு எப்படிப் பொருளை மாற்றுகிறது?

ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனை செய்தார். நடிகர் ஒருவரின் உணர்ச்சியற்ற முகத்தை எடுத்துக்கொண்டு, அதன் அருகில் ஒருமுறை சூப் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையையும், ஒருமுறை ஒரு பெண்ணையும் ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் முறையே பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. மூன்றிலும் இருந்தது ஒரே முகம். இரண்டு காட்சிகளை அருகருகே வைத்தால், நடுவில் உள்ள தொடர்பை நம் மனமே உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு தலைவர் சிரிக்கும் காட்சிக்கு முன் ஒரு விபத்தின் காட்சியை ஒட்டினால் என்ன ஆகும் என்பதை நாமே ஊகிக்கலாம்.

பேச்சை வெட்டுவதற்கு இன்னொரு பழைய உத்தி உண்டு. பேசுபவரின் வாக்கியங்களை நடுவில் வெட்டி ஒட்டினால் தலை திடீரென்று நகர்வது தெரிந்துவிடும். அதை மறைக்க, அந்த நொடியில் கேட்பவர்களின் முகத்தைக் காட்டுவார்கள். நேர்மையான செய்திப் படங்களிலும் இது வழக்கம்தான். ஆனால், சபையைக் காட்டிய அந்த இரண்டு விநாடிக்குள் பேச்சிலிருந்து பத்து நிமிடம் காணாமல் போயிருக்கலாம்.

புதிய கருவிகள் இதையும் எளிதாக்கிவிட்டன. அடோபி பிரீமியரில் 2015-இல் வந்த மார்ஃப் கட் என்ற வசதி, வெட்டிய இடத்தில் முகம் குதிப்பது தெரியாமல் இடைப்பட்ட ஃபிரேம்களைத் தானே உருவாக்கி நிரப்புகிறது. பேச்சை எழுத்தாக மாற்றித் தந்து, எழுத்தில் ஒரு சொல்லை அழித்தால் வீடியோவிலும் அந்தச் சொல்லை நீக்கிவிடும் செயலிகளும் வந்துவிட்டன. பேட்டிகளில் தடுமாற்றத்தை நீக்க இவை பேருதவி. 'இல்லை' என்ற ஒரு சொல்லை நீக்கவும் இவையே போதும்.

தமிழில் வால் பகுதி முக்கியம்

தமிழில் பேசும் நாம் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அரபியில் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது 'கால' என்ற சொல் முதலில் வந்துவிடும். அடுத்து வருவது இன்னொருவரின் கூற்று என்பது கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தமிழில் அப்படியில்லை. 'என்று' என்பது கூற்றுக்குப் பிறகுதான் வருகிறது. 'இல்லை', 'கூடாது', 'தவறு', 'மாட்டேன்' எல்லாமே வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன.

ஒரு மேடையில் ஒரு ஆலிம் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம்: "பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பே தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் தவறு." இதில் 'என்று' என்ற சொல்லுக்கு முன்னால் வெட்டினால், அவர் கண்டித்த கருத்தே அவருடைய கருத்தாகிவிடும். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, குரலும் அவருடையதுதான். வால் பகுதியைக் குறைப்பது எல்லாக் கைப்பேசியிலும் மிக எளிதான வேலை. இரண்டு மணி நேரப் பயானிலிருந்து முப்பது விநாடித் துண்டு எடுக்கும்போது, வெட்டியவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் அவசரத்தில் வெட்டினாலும்கூட இப்படி நேரலாம். பிறகு அந்த ஆலிமும் அவர் குடும்பமும் படும் பாட்டை யாரும் வீடியோ எடுப்பதில்லை. இதே வெட்டு ஆசிரியருக்கும், மருத்துவருக்கும், அக்கம்பக்கத்துச் சகோதர சமயத்தாருக்கும் நேரலாம். நமக்குப் பிடிக்காதவர் பேசிய துண்டு வந்தாலும் இதே அளவுகோல்தான்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

1. முடிவைக் கேளுங்கள். வாக்கியம் முடியும்போது பேசுபவரின் குரல் இயல்பாகத் தணியும், மூச்சு விடுவார். குரல் தணியாமல் அந்தரத்தில் நிற்பது போலத் துண்டு முடிந்தால், அங்கே வெட்டு விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

2. பின்னணி ஒலியைக் கேளுங்கள். மின்விசிறியின் இரைச்சல், வாகனச் சத்தம், கூட்டத்தின் முணுமுணுப்பு திடீரென்று மாறினால் இரண்டு துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கலாம். இதற்கு ஹெட்செட் உதவும்.

3. மெதுவாக ஓட்டிப் பாருங்கள். யூடியூபில் வேகத்தை 0.25 வரை குறைக்கலாம். தலை, கை, மேசை மீதுள்ள தண்ணீர் டம்ளர், சுவர்க் கடிகாரம் ஆகியவை தாவுகின்றனவா என்று பாருங்கள்.

4. பேச்சின் நடுவில் சபையைக் காட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் பேச்சு ஒழுங்காகத் தொடர்கிறதா?

5. முழு வீடியோவைத் தேடுங்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், அது எங்கே, எப்போது வெளியானது என்பது பல நேரங்களில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரில் பார்ப்பவர்களுக்கு இன்விட் என்ற இலவச வசதி, வீடியோவிலிருந்து முக்கியமான ஃபிரேம்களைப் பிரித்துத் தேட உதவும்.

6. யூடர்ன், ஃபேக்ட் கிரெசண்டோ போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் தமிழில் இயங்குகின்றன. பரபரப்பான வீடியோ வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

இத்தனையும் செய்ய நேரமில்லையா? ஃபார்வர்டு செய்யாமல் விட்டுவிட நேரமே தேவையில்லை. அனுப்பியவரிடம், "முழு வீடியோ இருக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்பதும் நல்ல பழக்கம்.

நாம் வெட்டும்போது

எடிட்டிங் நல்ல கலை. வாப்பிச்சா சொல்லும் பழைய கதைகளை, மதரஸா பிள்ளைகளின் ஆண்டு விழாவை, வெளிநாட்டில் இருக்கும் மகன் பார்க்க முடியாமல் போன நிகாஹை அழகாகத் தொகுத்து வைக்க இதைவிட நல்ல வாய்ப்பு முந்தைய தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் குறைக்க மட்டும் வேண்டுமானால் கைப்பேசியின் கேலரியே போதும். துண்டுகளை இணைத்து எழுத்துச் சேர்க்க இன்ஷாட், கைன்மாஸ்டர், வி.என். போன்ற செயலிகள் உண்டு. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஷாட்கட், கேடென்லைவ் ஆகியவை முற்றிலும் இலவசம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் திரைப்படமே தொகுக்கலாம், ஆனால் அதற்குத் திறன் மிகுந்த கம்ப்யூட்டர் வேண்டும். தரம் குறையாமல் வெட்ட மட்டும் லாஸ்லெஸ்கட் இருக்கிறது.

எந்தக் கருவியை எடுத்தாலும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிப்போம்.

மூல வீடியோவை அழிக்காதீர்கள். வெட்டியதைப் புதிய கோப்பாகச் சேமியுங்கள். பின்னால் கேள்வி எழுந்தால் காட்டுவதற்கு அது வேண்டும்.

ஒருவரின் பேச்சை வெட்டும்போது ஒரு கருத்து தொடங்கி முடியும் வரை விட்டுவையுங்கள். வெட்டிய துண்டை அவரே பார்த்தால் 'ஆம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்வாரா என்பதே அளவுகோல்.

துண்டின் மேலேயே தேதி, இடம், முழு வீடியோ கிடைக்கும் இடம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். கீழே தனியாக எழுதும் குறிப்பு, ஃபார்வர்டு ஆகும்போது காணாமல் போய்விடும். படத்தின் மேல் எழுதியது கூடவே போகும்.

வீட்டு நிகழ்ச்சிகளில் பெண்களும் குழந்தைகளும் வரும் காட்சிகளைப் பொதுவில் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவர்களிடம் கேளுங்கள். குடும்பத்துக்கு ஒரு தொகுப்பு, வெளியாருக்கு ஒரு தொகுப்பு என்று இரண்டாகச் செய்வது இன்றைய கருவிகளில் பெரிய வேலையில்லை.

மஹல்லாவில் ஜும்ஆ பயானைப் பதிவு செய்து துண்டுகளாக வெளியிடும் இளைஞர்கள், வெளியிடும் முன் பேசியவரிடம் ஒருமுறை காட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலை, ஐந்து வருடக் கசப்பைத் தடுக்கும்.

இன்று மாலை ஒரு காரியம் செய்து பார்ப்போம். வீட்டில் எடிட்டிங் தெரிந்த பிள்ளையை அழைத்து, பெரியவர் ஒருவர் 'என்று' வருகிற ஒரு வாக்கியத்தைப் பேச, அதைப் பதிவு செய்து அந்தச் சொல்லுக்கு முன்னால் வெட்டிக் காட்டச் சொல்வோம். தான் சொல்லாத ஒன்றைத் தன் வாயாலேயே சொல்வதை அவர் பார்க்கட்டும். வெட்டிய பிள்ளையும் பார்க்கட்டும். அடுத்த முறை குடும்பக் குழுவில் முப்பது விநாடித் துண்டு ஒன்று வந்து விழும்போது, இருவருமே முழு வீடியோ எங்கே என்று கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.